அறுபதுக்கு மேல் பொழுது: செட்டிநாட்டு வாசகர்கள் கேட்கிறார்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பொழுதைப் பற்றிக் கேட்டவர்களின் கடிதத்தில் உடம்பும் வந்தது, உடம்பைப் பற்றிக் கேட்டவர்களின் கடிதத்தில் பொழுதும் வந்தது. அதனால் பதிலிலும் இரண்டையும் பிரிக்கவில்லை.

கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. காலையில் பேப்பர், டீக்கடை, அப்புறம் டிவி. மதியம் சாப்பிட்டுப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுகிறேன். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. எதிலும் பிடிப்பு இல்லை.
— வாசகர், தேவகோட்டை

ஐயா, முதலில் மதியத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் இரவுத் தூக்கத்துக்கான தேவை உடம்பில் சேரும். நாலரை வரை தூங்கினால் காலையிலிருந்து சேர்ந்தது மொத்தமும் கரைந்துவிடும். மதியம் 20 முதல் 30 நிமிடம் போதும், அதுவும் 3 மணிக்கு முன்னால். இருட்டறையில் கட்டிலில் படுக்காதீர்கள். முகப்பில் சாய்வு நாற்காலியில் அலாரம் வைத்துச் சாயுங்கள். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழும்போது தலை கனக்கும், அந்தக் கனத்தில் மறுபடி படுக்கத் தோன்றும்.

காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். முதல் பத்து நாள் சிரமமாகத்தான் இருக்கும். பலர் அந்தப் பத்து நாளில்தான் விட்டுவிடுகிறார்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள், ஊருணிக் கரை போதும். மாலை 3 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரவில் படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி விழிப்பது, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது ஆகியவை இருந்தால் இந்த முறையெல்லாம் உதவாது, மருத்துவரைப் பாருங்கள்.

பிடிப்புக்கு வருவோம். ஒரு நோட்டில் ஏழு நாளைக்கு அரை மணிக்கு ஒரு வரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் ‘யாரோடு’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாலே பாதி புரியும். வேலை உங்களுக்குச் சம்பளத்தோடு இன்னும் மூன்றைக் கொடுத்து வந்தது: போய்ச் சேர வேண்டிய நேரம், பழகுவதற்கு ஆட்கள், நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஒருவர். மூன்றும் ஒரே நாளில் நின்றுபோயின. டிவியால் இதில் ஒன்றையும் தர முடியாது. ஆகவே பொழுதுபோக்கைத் தேடாதீர்கள், உங்களை எதிர்பார்க்கும் ஒரு வேலையைத் தேடுங்கள். கூட்டுறவுக்காரருக்கு அது தூரத்தில் இல்லை. நகைக்கடன் விண்ணப்பம், பயிர்க் காப்பீட்டுப் படிவம், மகளிர் சுய உதவிக்குழுவின் கணக்கு நோட்டு எழுதத் தெரியாமல் தவிப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் 10 முதல் 12 வரை, கோயில் மண்டபமோ உங்கள் வீட்டுத் திண்ணையோ, ஒரே இடத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் ஒருவரும் வராமல் போகலாம், அப்போதும் உட்காருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓய்வு பெற்ற வேகத்தில் மூன்று சங்கத்துக்குச் செயலாளராகி, நான்காம் மாதம் மூன்றையும் விடுவது சகஜம். மூன்று மாதத்துக்கு ஒரு பொறுப்பு, அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் குறைந்து, ‘இருந்து என்ன’ என்ற நினைப்பு வந்தால் அது சோம்பல் அல்ல, நோய். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அவர் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நிமிஷம் கிடையாது. பதினோரு மணிக்குக் காபி, நாலு மணிக்குப் பலகாரம், நடுவில் ஆட்கள் வந்தால் அதுவேறு. முன்பெல்லாம் மத்தியானம் வாரப் பத்திரிகை படிப்பேன், பக்கத்து வீட்டு அக்காவோடு தாயம் ஆடுவேன். அவருக்கு எப்படிப் பொழுது போகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.
— வாசகி, கோட்டையூர்

அம்மா, நாங்கள் கேட்கிறோம். 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். அவருக்கு ஓய்வூதிய வயது வந்தது. உங்கள் அடுப்படிக்கு அப்படி ஒரு வயதை யாரும் குறிக்கவில்லை.

‘கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கள்’ என்று கேட்காதீர்கள். ஒத்தாசை என்றால் எது, எப்போது, எவ்வளவு என்று நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை உங்களிடமே தங்கிவிடும். ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். மாலைக் காபி அவருடையது என்றால் பால் வாங்குவதிலிருந்து டம்ளர் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. அடுத்து இட்லி மாவு: இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், 4 மணி நேர ஊறல், கிரைண்டர். அளவை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முதல் வாரம் கூட இருந்து காட்டுங்கள், இரண்டாம் வாரம் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று திருத்தினால் மூன்றாம் நாள் ‘நீயே செய்’ என்று கரண்டி உங்கள் கைக்கு வரும். மாவு ஒரு தடவை புளித்துப்போனாலும் பரவாயில்லை.

மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை அடுப்படி மூடல் என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்காதீர்கள், இருந்தால் கூப்பிடுவார்கள். அக்கா வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் தாயக்கட்டையை எடுங்கள். வாரம் ஒரு நாள் காரைக்குடி நூலகத்துக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குப் பயணச்சீட்டுக்குப் பணம் கிடையாது.

வயது 72. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். விசேஷத்துக்குத்தான் வீடு நிறையும். பகலில் வேலைக்கு ஒரு பெண் வருவாள். போன மாதம் இரண்டாங்கட்டுக்குப் போகும் நிலைப்படி தடுக்கி விழுந்தேன், அடி ஒன்றுமில்லை. சென்னைக்கு வந்துவிடு என்கிறார்கள். எனக்கு இங்கேதான் இருக்க ஆசை. விழாமலும் இருக்க வேண்டும், பொழுதும் போக வேண்டும்.
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, அடிபடவில்லை என்பதால் அந்த விழுகையை மறந்துவிட வேண்டாம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் சொல்லி, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். கண்புரையும் பார்த்துவிடுங்கள்.

நம் வீடுகளில் ஆபத்து மூன்று இடத்தில். உயர்ந்த நிலைப்படி ஒன்று: அதன் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் கோடு போடுங்கள், மங்கலிலும் கண்ணில் படும். ஈரமான முற்றத்துக் கல்லும் எண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடித் தரையும் அடுத்தது. மெருகுக்காக எண்ணெய் போடுவதை நீங்கள் நடமாடும் பாதையில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் பெரியது: படுக்கை முன்கட்டில், கழிப்பறை பின்கட்டில். நடுராத்திரியில் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) முழுக்க இருட்டில் கடக்க வேண்டியிருக்கிறது. படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். அது ஒப்பவில்லை என்றால் முன்கட்டில் ஒரு சின்னக் கழிப்பறை கட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள், சென்னைக்குக் கூப்பிடும் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். ஆள் வந்தால் தானே எரியும் பேட்டரி விளக்கு நான்கைந்து வாங்கி வழியில் ஒட்டுங்கள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி வேண்டும், டவல் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு விழ நேரும்.

கால் பலத்துக்கு வளவுத் தூணே போதும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 விநாடி, காலுக்கு ஐந்து முறை. பிறகு சுவரோரம் ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி பத்து அடி நடை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை, ஓய்வுக்குப் பின் மறுபடி 10. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். ஊஞ்சலில் இருந்து எழுந்து பழக வேண்டாம், அது பின்னால் நகரும். இந்தப் பயிற்சியை வேலைக்கு வரும் பெண் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

பொழுதுக்கு வீடே இருக்கிறது. நாளுக்கு ஓர் அறை என்று முறை வைத்துத் திறந்து காற்றாட விடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வௌவால் எச்சமும் பழைய தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. நிலையிலும் உத்தரத்திலும் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஏணியில் மட்டும் நீங்கள் ஏறக் கூடாது. பெட்டியில் இருக்கும் பட்டுச் சேலைகளை மூன்று மாதத்துக்கொரு முறை மடிப்பு மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே ஜரிகை முறியும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து ஓரத்தில் போடுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும்.

எதிர்வீட்டில் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: காலை ஏழு மணிக்குள் என் வாசலில் கோலம் இல்லையென்றால் போன் பண்ணு, எடுக்காவிட்டால் வந்து பார். சாவி ஒன்று அவர்களிடம் இருக்கட்டும். செல்போனைச் சுருக்குப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், விழுந்த இடத்துக்கு அது கூடவே வரும். மறுபடி விழுந்தாலும் உடனே எழ முயல வேண்டாம். வலி எங்கே என்று பார்த்து, பக்கவாட்டில் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து ஓர் உறுதியான நாற்காலியை எட்டிப் பிடித்து எழுங்கள். இடுப்பு வலித்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதாக வேண்டுதல். வயது 64. பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும். போகலாமா?
— வாசகர், புதுவயல்

போகலாமா என்பதை உங்கள் பாதம் சொல்லும். மருத்துவரிடம் மூன்று மாத சராசரிச் சர்க்கரை, இ.சி.ஜி., பாதத்தின் உணர்ச்சி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தாலோ முன்பு பாதப்புண் வந்திருந்தாலோ முழுத் தூரம் வேண்டாம். ஏதோ குத்தியது உங்களுக்குத் தெரியாது, தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். அப்போது கடைசி ஒரு நாள் தூரத்தை மட்டும் நடக்கலாம், வழியில் அன்னதானத்தில் நின்று பரிமாறலாம்.

பாதம் நன்றாக இருந்தால் ஐப்பசியில் தொடங்குங்கள். குன்றக்குடியிலிருந்து பழனி 150 கிலோமீட்டர் அளவுக்கு வரும், மார்கழிக் கடைசியில் ஆரம்பித்து அதற்குத் தயாராக முடியாது. முதல் இரண்டு வாரம் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. மூன்றாம் வாரத்திலிருந்து மற்ற நாள்களில் 4 கிலோமீட்டரும் ஞாயிறன்று நீள்நடையும்: 6, 8, 10, 12 என்று ஏற்றிக்கொண்டு போய் பத்தாம் வாரத்தில் 18-ஐத் தொடுங்கள். பதினோராம் வாரத்தில் சனி 15, ஞாயிறு 12 என்று அடுத்தடுத்து நடந்து பாருங்கள். யாத்திரையில் கால் தகராறு செய்வது இரண்டாம் நாள்தான், அதை முன்கூட்டியே வீட்டிலிருந்து தெரிந்துகொள்வதற்காக இது. கிளம்பும் வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

காலணியை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பயிற்சி முழுக்க அதையே போடுங்கள், புதுச் செருப்போடு புறப்பட வேண்டாம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைந்த தோல் கொப்பளிக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும், வியர்வை சீக்கிரம் காயும் காலுறை மூன்று ஜோடி எடுத்து, நனைந்ததும் மாற்றுங்கள். வெறுங்கால் நடை வேண்டாம் ஐயா. இதில் விட்டுக்கொடுத்துச் சொல்ல எங்களால் முடியாது. இரவில் தங்கும் இடத்தில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், சுடுதண்ணீரில் காலை ஊறவைக்காதீர்கள்.

மாத்திரை கிளிமிபிரைடு போன்றதாக இருந்தால் நடக்கும் நாளில் சர்க்கரை திடீரென்று தாழும். நடை நாள்களுக்கான அளவைப் பயிற்சிக் காலத்திலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பும் இரண்டு மணிக்கொரு முறையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலோ கை நடுங்கி வியர்த்தாலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. நெஞ்சு இறுக்கம் வந்தால் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெட்டகத்தில் எங்கள் ஐயா ரங்கூனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் எழுதிய கடிதங்கள், கணக்கேடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாம் தமிழ் வருடப் பெயரில். ஓய்வில் இருக்கிறேன், எதிலிருந்து தொடங்குவது?
— வாசகர், பள்ளத்தூர்

இதைவிட நல்ல ஓய்வுக்கால வேலை இந்த ஊர்களில் வேறு இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிக் காகிதம் காகிதமாகச் சேர்த்ததுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

ஆண்டுக் கணக்கு எளிது. பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது. அறுபது வருடப் பட்டியலில் எத்தனையாவது பெயரோ அதில் ஒன்றைக் கழித்து 1927-உடன் கூட்டுங்கள். பார்த்திப 19-ஆவது, ஆகவே 1945 சித்திரை முதல் 1946 பங்குனி வரை. மார்கழிப் பாதியில் ஜனவரி பிறந்ததிலிருந்து பங்குனி வரையுள்ள தேதிக்கு ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்ட மறக்க வேண்டாம், பெரும்பாலான பிழை இங்கேதான் வருகிறது. ஏடு 1927-க்கு முந்தையதாகத் தோன்றினால் அறுபதைக் கழியுங்கள். ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்த விஷு, சித்திரபானு வருடங்களின் (1941 முதல் 1943 வரை) கடிதங்கள் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

கட்டை அவிழ்க்கும் முன் எந்தக் கட்டு எந்த வரிசையில் இருந்தது என்று செல்போனில் படம் எடுங்கள். கட்டுக்கு ஓர் எண், கடிதத்துக்கு ஓர் எண், பென்சிலில் மட்டும். பால்பாயின்ட் மை ஊறி மறுபக்கம் வரும். செலோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது, பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். முற்றத்தின் நிழல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து படம் எடுங்கள். மடிப்பில் ஒடியும் காகிதத்தை வலிந்து விரிக்க வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் உங்கள் குரலில் வாசித்து அனுப்புங்கள். ‘அவர் யார், இவர் யார்’ என்று அங்கிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விகளையும் பதிலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்பா இரவு பகலாக செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடுகிறார்.
— வாசகி, காரைக்குடி

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இப்போதும் ஆட அழைக்கும் செயலி எதுவானாலும் சட்டத்துக்குப் புறம்பானது. ஓய்வூதியக் கணக்கைச் செல்போனிலிருந்து துண்டித்து, சில்லறைச் செலவுக்கு வேறு கணக்கு வையுங்கள். மோசடியில் பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றே அழையுங்கள், தாமதமானால் பணத்தை முடக்குவது கடினம். திட்ட வேண்டாம். மறைத்து ஆடத் தொடங்கினால் உங்களுக்குத் தெரியவே வராது. சீட்டுதான் பிடிக்கும் என்றால் மாலையில் நேரில் ஆட நான்கு பேரைத் தேடிக் கொடுங்கள்.

பல்லாங்குழி ஆடினால் ஞாபகமறதி வராது என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்கு வயது 75, கேட்டதையே திரும்பக் கேட்கிறார்.
— வாசகி, கண்டனூர்

பல்லாங்குழி ஆடினால் பல்லாங்குழி நன்றாக வரும். 14 குழியில் ஐந்தைந்து சோழி போட்டு, நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்து, அடுத்த குழியில் என்ன நடக்கும் என்று மனத்தில் எண்ணுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது மட்டும் மறதியைத் தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆடுகிறாரே, அதன் பலன் பெரிது. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. காது மந்தம், கண் மங்கல், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் வருகின்றன.

அம்மா திரும்பக் கேட்பது மறந்ததாலா, முதல் தடவை காதில் விழாததாலா என்று பாருங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா, முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாரா? முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று காது மருத்துவரிடம் காட்டுங்கள், பட்ஸ் விட்டு நோண்ட வேண்டாம். அடுத்து கேட்புத்திறன் சோதனை. பிறகு ரத்தத்தில் பி12, தைராய்டு. தெரிந்த பாதையில் வழி தப்புவது, அடுப்பை அணைக்க மறப்பது, பணக் கணக்கு குழம்புவது இவற்றில் ஏதேனும் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள். என்று தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அம்மா எதிரில் அதைச் சொல்வது அவருக்குச் சங்கடம், தாளை நீட்டினால் போதும்.